வால்வுக்கு இரண்டு சொட்டு

இப்போதெல்லாம் ஒருவன் பேசி முடிக்கும்வரை காத்திருக்க எவனுக்கும் பொறுமை கிடையாது. நான் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனதுமே எதிரில் நிற்கிறவன் என் பேச்சை அவனே முடித்துவிடுகிறான். சாலைக் கடைத்தெருவில் "அரைக் கிலோ" என்று ஆரம்பித்தால் போதும், தக்காளியை அள்ளித் தட்டில் போட்டுவிடுவான். எனக்கு வேண்டியது புளி. பஸ்ஸில் ஏறினால் நான் இடம் சொல்வதற்குள் கண்டக்டர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டைக் கிழித்து நீட்டுவான். தொண்டையில் துணி கட்டியவன் வேறு எங்கே போவான் என்று அவனுக்கு நினைப்பு. படித்த பிள்ளைகள் இன்னும் மோசம். முகத்தைப் பார்க்காது, தொண்டையைப் பார்க்கும். ஒன்றிரண்டு போனைத் தூக்கிப் படமும் பிடிக்கும்.

என் வால்வு விஷயத்தையும் இப்படித்தான் ஆஸ்பத்திரியில் பாதியில் முடித்துவிட்டார்கள். கிழவன் எண்ணெயை விட்டுக் கெடுத்துக்கொண்டான், அவ்வளவுதானாம். முழுசையும் நான் சொல்கிறேன். கேட்கிறவன் கேட்கட்டும்.

என் பெயர் வேலப்பன். வயது எழுபத்திரண்டு. வள்ளியூருக்குத் தெற்கே பிறந்து, ஐந்தாம் வகுப்போடு நின்று, பத்தொன்பது வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்தவன். ஷட்டர் வேலை. ஆரியசாலையில் காலையில் தூக்கி இரவில் இறக்குகிற ஷட்டர்களில் பாதியாவது என் கை பட்டது. ஸ்பிரிங் இறுகினாலும், பூட்டு துருப்பிடித்தாலும், ஓரக் கம்பியில் மாட்டிக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு தொண்டையில் புற்று. பீடிதான். அதை நான் மறுக்கவில்லை. குரல்வளையை முழுசாகக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு மூக்கு, வாய் எதிலும் மூச்சு கிடையாது. கழுத்துக் குழியில் ஒரு ஓட்டை. அதுதான் மூச்சு விடுகிற வாசல். மூக்கு சும்மா முகத்தில் இருக்கிறது. மணம், நாற்றம் ஒன்றும் தெரியாது. சாக்கடைப் பக்கம் உட்காரச் சொன்னாலும் உட்காருவேன்.

குரல் போனபோது எனக்கு என் கவலை இல்லை. நாச்சியார்தான் கவலை. என் பெண்டாட்டி. சர்க்கரை அவள் கண்ணைத் தின்று ஆறு வருஷம் ஆகிறது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். மகள் சுஜா கல்யாணமாகி நாகர்கோவிலில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒருத்திக்குக் கண் இல்லை, ஒருவனுக்குச் சத்தம் இல்லை. எழுதிக் காட்டலாம் என்று நர்ஸ் ஒருத்தி சிலேட்டுப் பலகை கொடுத்தாள். யாரிடம் காட்ட? நான் எழுதுகிற லட்சணத்துக்குக் கண் இருக்கிறவனுக்கே புரியாது.

குரல் இல்லாமல் கிடந்த அந்த ஐந்து மாதமும் நான் கையைத் தட்டுவேன், அவள் திரும்புவாள். ஏன் தட்டுகிறேன் என்று தெரியாது. ஒருநாள் கொதிக்கிற கஞ்சிப் பானையை நான் கீழே இறக்கி வைத்திருந்தேன். அவள் கை கழுவுகிற தண்ணீர் என்று நினைத்துக் கையை நீட்டினாள். நான் கதவோரம் நின்றேன். பார்த்துவிட்டேன். கத்தினேன். வாய்தான் திறந்தது. கையைத் தட்டினேன். தட்டின சத்தத்துக்கு அவள் சிரித்துக்கொண்டே, "வாரேன், வாரேன்" என்று கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு வரைக்கும் தோல் உரிந்துவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கதிர் வைத்தியம் முப்பது நாள் முடிந்து, புண் ஆறின பிறகுதான் வால்வு வைத்தார்கள். மூச்சுக் குழாய்க்கும் சாப்பாட்டுக் குழாய்க்கும் நடுவில் ஒரு துளை போட்டு, அதில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு சாமான் மாட்டுவார்கள். ரப்பர் மாதிரி இருக்கும். சிலிக்கான் என்றார்கள். கழுத்து ஓட்டையைக் கட்டைவிரலால் மூடி மூச்சை விட்டால் காற்று அது வழியாகப் போய்ச் சத்தம் வரும். காற்று போகும், ஆனால் தின்பதும் குடிப்பதும் அந்தப் பக்கமிருந்து நுரையீரலுக்கு வராது. ஒருபக்கம் மட்டும் திறக்கிற கதவு. நல்ல வேலைப்பாடுதான். அதை நான் முதலிலேயே ஒத்துக்கொண்டேன்.

வால்வோடு வீட்டுக்கு வந்த அன்று வாசலில் நின்று விரலை வைத்து, "நாச்சியா" என்றேன்.

"யாரு?"

"நாந்தான்."

"நாந்தான்னா யாரு? எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு."

"ஏட்டி, நாந்தாண்டி."

அவள் எழுந்து வந்து என் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். "சளி புடிச்ச தவளை மாதிரில்லா இருக்கு" என்றாள். பிறகு, "சரி, தவளையாவது வந்திச்சே" என்றாள். அன்று சாயங்காலம் முழுக்க என்னைப் பேச வைத்தாள். தெருவில் யார் போகிறார்கள், எதிர்வீட்டுக்காரி என்ன நிறத்தில் சேலை கட்டியிருக்கிறாள் என்று எல்லாம் கேட்டாள். எனக்கு விரல் வலித்துப்போயிற்று.

அந்த வால்வைத் தினமும் இரண்டு வேளை சின்ன பிரஷை விட்டுச் சுத்தம் பண்ண வேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஷில்பா என்கிற பெண்தான் கண்ணாடி முன்னால் உட்கார வைத்துக் காட்டிக் கொடுத்தாள். மலையாளத்துப் பிள்ளை. தமிழும் மலையாளமும் கலந்து பேசும். வயதான எவனைப் பார்த்தாலும் "அச்சா" என்பாள். அப்பா என்று அர்த்தம்.

"வெள்ளம் மாத்ரம் போதும் அச்சா. வேற ஒன்னும் வேண்டா."

தண்ணீர் மட்டும் என்று சொன்னாள்தான். எண்ணெய் கூடாது என்று சொல்லவில்லை. பிறகு ஒரு தாள் கொடுத்தாள். அது மலையாளத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது.

ஒரு மாதம் தண்ணீர்தான் விட்டேன். காலையில் பிரஷ் உள்ளே போகும்போது கரகரவென்று இழுக்கும். முதல் பத்து வார்த்தை வராது. அடைத்துக்கொண்டு நிற்கும். ஐம்பது வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரு விஷயம்: அசைகிற சாமான் எதுவானாலும் காய்ந்து கிடந்தால் தேயும். கரகரக்கிறது என்றால் எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம். தேங்காயெண்ணெய் குளிரில் உறையும், பிசுக்குக் கட்டும். அதனால் நல்லெண்ணெய் எடுத்தேன். ஆரியசாலைச் செக்கில் ஆட்டினது. பிரஷ் நுனியில் இரண்டு சொட்டு. மறுநாளே வித்தியாசம் தெரிந்தது. விரலை வைத்ததும் குரல் வழுக்கிக்கொண்டு வந்தது. நாச்சியாரே கேட்டாள்.

"இன்னைக்கி என்ன, தொண்ட தெளிஞ்சிருக்கு?"

"நல்ல காலம்" என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? "க்ளீன் செய்யுன்னுண்டோ அச்சா?" என்று கேட்டார்கள். "ரெண்டு வேளையும்" என்றேன். எதை விட்டு என்று யாரும் கேட்கவில்லை.

முதல் வால்வு ஐந்து மாதம் உழைத்தது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். பிறகு டீ குடித்தால் இருமல் வர ஆரம்பித்தது. கழுத்தில் கட்டின துணியில் டீக் கறை. ஷில்பா பச்சைக் கலர் கலந்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தாள். பச்சை, வால்வின் நடுவில் துளித்துளியாகக் கசிந்தது. கதவு சரியாக மூடவில்லை. மாற்றினார்கள். இரண்டாவது மூன்று மாதம். மூன்றாவது ஆறு வாரம்.

"பூஞ்ச பிடிச்சிருக்கு" என்று டாக்டர் மருந்து எழுதினார். மோர் நிறையக் குடிக்கச் சொன்னார். நான் மனதுக்குள் வேறு கணக்குப் போட்டேன். முதலில் நல்ல சாமானைக் கொடுத்துப் பழக்குவார்கள், அப்புறம் மட்டச் சாமான். ஷட்டர் ஸ்பிரிங் விற்கிறவன் எங்களிடம் செய்ததும் அதுதானே.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சுடலைக்கண்ணு என்று ஒருவனைப் பார்ப்பேன். கரமனையில் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தவன். அவனுக்கும் குரல்வளை எடுத்தாயிற்று. வால்வு ஒத்துக்கொள்ளவில்லை என்று மெஷின் கொடுத்துவிட்டார்கள். சவரம் பண்ணுகிற மெஷின் மாதிரி கையடக்கமாக இருக்கும். தாடைக்கு அடியில் வைத்து அமுக்கினால் வண்டு இரைகிற மாதிரி ஒரே ராகத்தில் பேச்சு வரும்.

"அண்ணாச்சி, எத்தனாவது வால்வு?" என்றான் அதில்.

"நாலாவது."

"நமக்கு ஒரே மெஷின்தான். ராத்திரி சார்ஜு போட்டுட்டுப் படுத்தா பொண்டாட்டிக்கு நிம்மதி."

"உன் பேச்சைக் கேட்டா பம்புசெட்டு ஓடுத மாதிரி இருக்குடே."

"ஓடட்டுமே. உம்ம மாதிரி டீயைக் கழுத்து வழியாவா குடிக்கேன்?"

நான் பதில் சொல்லப்போனேன். இருமல் வந்துவிட்டது.

நாலாவது வால்வு முன்னதைவிடத் தடி. துளை அகன்றிருக்கிறது என்றார்கள். அது வைத்தும் இருமல் நிற்கவில்லை. இப்போது கசிவு வால்வுக்கு நடுவில் இல்லை, சுற்றி. சாயங்காலமானால் உடம்பு கதகதக்கும். நான் வெளியே டீ குடிப்பதை விட்டேன். வீட்டிலும் தண்ணீரைக் குறைத்துக் கெட்டிக் கஞ்சியாகத் தின்றேன். நாச்சியாருக்குத் தெரியாமல் இருமக் கொல்லைப்பக்கம் போவேன். கண் இல்லாதவளிடம் மறைக்கலாம் என்று நினைத்தது என் புத்தி.

"தண்ணி குடிச்சா ஏன் இருமுதிய?"

"பொறையேறிட்டு."

"மூணு வாரமாட்டா பொறையேறுது?"

வால்வு விழுந்தது ஒரு காலைவேளை. கண்ணாடி முன்னால் நின்று பிரஷை விட்டேன். எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகப் போயிற்றோ என்னவோ, அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல் வந்தது. கழுத்து ஓட்டை வழியாக என்னவோ தெறித்துப் போனது. தரையில் 'டப்'பென்று ஒரு சின்னச் சத்தம். பிரஷ் கையில் இருந்தது. வால்வு இல்லை.

"என்ன விழுந்திச்சி?" என்றாள் நாச்சியார், உள்ளேயிருந்து.

விரலை வைத்து ஊதினேன். ஒன்றும் வரவில்லை. எச்சில் நேராக மூச்சுக் குழாய்க்குள் இறங்கியது. மறுபடி இருமல். குனிந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"இஞ்சேருங்க. என்னன்னு கேக்கேம்லா? சொல்லுங்களேன்!"

வால்வு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஷில்பா சொல்லியிருந்தாள். சிவப்பு ரப்பர்க் குழாய் ஒன்றும் கொடுத்திருந்தாள். துளை மூடிக்கொள்ளாமல் இருக்க அதை உள்ளே விட்டுவிட்டு உடனே ஓடி வர வேண்டும். அந்தக் குழாயை நான் வெட்டிக் கொல்லைக் குழாய்க்கு வாஷராகப் போட்டுவிட்டேன். நாலு மாதம் ஆகிறது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

நாச்சியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் அவள் கையை எடுத்து என் கழுத்தில் வைத்தேன். புரிந்துகொண்டாள். கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தடவ ஆரம்பித்தாள். கட்டிலுக்கு அடியில், பாய்க்கு அடியில், அரிசிச் சாக்கு இருக்கிற மூலையில். நான் கண் இருந்தும் நீர் வழிந்து ஒன்றும் தெரியாமல் நிற்கிறேன். அவள்தான் எடுத்தாள். என் பழைய செருப்புக்குள் கிடந்தது.

விரலால் உருட்டிப் பார்த்தாள். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இதுல ஏன் நல்லெண்ண மணக்கு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நல்லெண்ணெய்க்கு மணம் உண்டு. ஒன்றரை வருஷமாக மூக்கு செத்தவனுக்கு அது மறந்தே போயிருந்தது. கொல்லைப்பக்கம் போய் இருமினேன், எண்ணெய்ச் சீசாவைச் சாமிபடத்துக்குப் பின்னால் வைத்தேன். மணத்தை எங்கே ஒளிப்பது?

"தெனமும் காலம்பற மணக்கும். முட்டிக்குத் தேய்க்கியன்னுல்லா நெனச்சேன்" என்றாள். வால்வை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன் பிரதீஷைக் கூவினாள்.

பிரதீஷ் பல்லைத் தேய்த்துக்கொண்டே வந்தான். என்னைப் பார்த்ததும், "அய்யோ, மாமனுக்கு எந்து பற்றி?" என்றான். என்ன ஆயிற்று என்று கேட்கிறான்.

"பேச்சு விழுந்திட்டு மக்கா. வண்டிய எடு."

ஆட்டோவில் போகும்போது அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள். "துப்புங்க, முழுங்காதிய" என்றாள். அதையும் ஷில்பாதான் சொல்லியிருந்தாள். நான் கேட்காததை எல்லாம் இவள் கேட்டு வைத்திருக்கிறாள்.

ஷில்பா டார்ச் அடித்துப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை விளக்கில் மாட்டினார். இரண்டு பக்கமும் அடியில் மேகம் மாதிரி வெள்ளை.

நாச்சியார் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "மோளே, இத மோந்து பாரு."

ஷில்பா வாங்கி அமுக்கினாள். ஊறின மொச்சை மாதிரி அது நசுங்கியது. ஓரமெல்லாம் உப்பிப் போயிருந்தது.

"அச்சா, இதில எண்ண தேச்சோ? சத்தியம் பறயணும்."

எழுபத்திரண்டு வருஷத்தில் எந்தக் குற்றச்சாட்டுக்கும் நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை. அன்று எல்லாரும் காத்திருந்தார்கள். எவனும் என் பேச்சை முடித்து வைக்கவில்லை. நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாக இருக்கிற ஆட்கள் கிடைத்த அன்று பேச எனக்கு ஒன்றும் இல்லை. தலையை ஆட்டினேன்.

"எத்தற நாளா?"

எல்லா விரலையும் விரித்துக் காட்டினேன். பத்து மாதம்.

எண்ணெய் பட்டால் இந்தச் சாமான் ஊறிக் கெட்டுப்போகும் என்று டாக்டர் சொன்னார். கதவு சரியாக மூடாது. கசிந்த எண்ணெய் நுரையீரலில் போய்த் தங்கும். தண்ணீரைப்போல வற்றாது. அங்கேயே கிடந்து காய்ச்சலைக் கொண்டுவரும். "துளை இவ்வளவு பெரிசானதுக்கு எண்ணெய் மட்டும் காரணம் இல்லே. ரேடியேஷன் கொடுத்த இடம் பலம் இல்லாம இருக்கும்" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வரியை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு வழி சொன்னார். ஒன்று, இன்னும் பெரிய வால்வு ஒன்றை இப்போதே வைத்துப் பார்க்கலாம். ஆனால் சுற்றிக் கசியும். நுரையீரல் இன்னொரு தடவை தாங்காது. இன்னொன்று, வால்வே வைக்காமல் துளையை மூட விட்டுவிடலாம். மூடும்வரை மூக்குவழியாகக் குழாயில் கஞ்சி. மூடினதுக்கு அப்புறம், நெஞ்சு சரியானால், புதுத் துளை போடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

நான் வால்வைக் கைகாட்டினேன். வை என்று. டாக்டர் நாச்சியாரைப் பார்த்தார்.

"இப்ப வச்சா இவருக்கு உயிருக்கு ஆபத்தா சாரே?" என்றாள் அவள்.

"இல்லேன்னு என்னால சொல்ல முடியாது அம்மா."

"அப்ப மூடிருங்க."

நான் அவள் உள்ளங்கையில் அடித்தேன். ஓங்கித்தான் அடித்தேன். நான் அடித்தது அந்தத் தழும்பு உள்ள கையில். உனக்காகத்தான் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும். பானை சுடுகிறது என்று நான் எப்படிச் சொல்வேன் என்று கேட்க வேண்டும். அடித்ததில் அதெல்லாம் இருக்கிறதா என்ன?

"அடியுங்க" என்றாள். "நாப்பத்தாறு வருஷம் நியாயம் பேசிக் கேட்டாச்சு. மூச்சு இருந்தாத்தான என்னத் திட்டுததுக்கு ஒரு ஆளு இருக்கும்? மூடச் சொல்லிட்டேன், மூடட்டும்."

துளை மூட ஏழு வாரம் ஆயிற்று. நடுவில் ஒரு தையலும் போட்டார்கள். மூக்கில் குழாயோடு வீட்டில் கிடந்தேன். அந்த நாட்களில்தான் தட்டுக்கு ஒரு சட்டம் போட்டாள். ஒரு தட்டு தட்டினால் ஆமாம். இரண்டு, இல்லை. விடாமல் தட்டினால் நில், தொடாதே. "மூணு தட்டுனா திட்டுதியன்னு வச்சிக்கிடுதேன்" என்றாள். ஒரே நாளில் நூறு தடவை மூன்று தட்டியிருப்பேன். அடுப்படியில் டம்ளரும் கரண்டியும் எப்போதும் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். அதன்பிறகு அவள் கை சுடவில்லை. முதல் ஐந்து மாதத்தில் எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

குழாயை எடுத்ததும் மெஷின் கொடுத்தார்கள். சுடலைக்கண்ணு வைத்திருக்கிறானே, அதேதான். வீட்டில் வைத்து, "நாச்சியா" என்றேன்.

"சிவனே, மிக்ஸிய நிப்பாட்டுங்க" என்றாள்.

ஆனால் ஆஸ்பத்திரியில் அந்த மெஷினில் நான் முதலில் பேசினது ஷில்பாவிடம்தான். கேட்க வேண்டியதை இரண்டு மாதமாக நெஞ்சில் வைத்திருந்தேன்.

"எண்ணெயாலதான் போச்சுன்னா, முதல் வால்வு எப்படி அஞ்சு மாசம் இருந்திச்சு? அதுக்கும் எண்ணெதான் விட்டேன்."

"அதில கொஞ்சம் லேட்டாயி கேடு வந்து அச்சா. எல்லாருக்கும் ஒருபோல ஆவாது."

"சாமான் மட்டம். ஒரே பெட்டியில இருந்து ரெண்டு எடு. ஒண்ண தண்ணியில போடு, ஒண்ண எண்ணெயில போடு. ஒரு மாசம் கழிச்சுக் காட்டு."

வேறு ஒருத்தியாக இருந்தால் சிரித்திருப்பாள். இவள் பிடிவாதக்காரி. "செய்யாம் அச்சா. கண்டாலாவது விசுவாசம் வரட்டே" என்று, தேதி கழிந்து எடுத்து வைத்திருந்த இரண்டு வால்வை என் கண் முன்னாலேயே ஒரே பெட்டியிலிருந்து எடுத்தாள். இரண்டு சின்னக் குப்பி. பேனாவால் தேதி எழுதி ஒட்டினாள். எண்ணெயை நாளைக்கு வாங்கி ஊற்றுகிறேன் என்றாள்.

மறு மாதம் போனபோது நெஞ்சுப் படம் தெளிந்திருந்தது. டாக்டர் தொண்டையில் விளக்கை விட்டுப் பார்த்துவிட்டு, துளை நன்றாக மூடியிருக்கிறது, கொஞ்சம் மேலே தள்ளிப் புதுசாக ஒன்று போடலாம் என்றார். "திரும்ப வால்வு வைக்கலாம். ஆனா தண்ணி மட்டும்தான். இன்னொரு தடவை எண்ணெய் உள்ள போனா நுரையீரல் தாங்காது. அத நீங்க எனக்கு உறுதியாச் சொல்லணும்."

நாச்சியார் கை என் தோளில் இருந்தது. அது இறுகினது எனக்குத் தெரிந்தது. மிக்ஸி, மிக்ஸி என்று கேலி பண்ணினவள்தான். தவளைக் குரலைத் திரும்பக் கேட்க அவளுக்கு எவ்வளவு ஆசை என்று அந்தப் பிடியில் இருந்தது.

ஷில்பா இரண்டு குப்பியையும் கொண்டுவந்தாள். கவிழ்த்துத் துடைத்து என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தாள். தண்ணீரில் கிடந்தது புதுசு மாதிரி இருந்தது. எண்ணெயில் கிடந்தது உப்பி, ஓரம் நெளிந்து, அமுக்கினால் விரல் பதிந்தது. நான் இரண்டையும் ரொம்ப நேரம் பார்த்தேன். நாச்சியார் வாங்கித் தடவிப் பார்த்தாள்.

"வீங்கித்தான இருக்கு" என்றாள் மெதுவாக.

மெஷினைத் தாடைக்கு அடியில் வைத்தேன். "எண்ணெ எங்க வாங்குன?"

"சூப்பர்மார்க்கெட்டிலாணு. எந்தா அச்சா?"

"பாக்கெட் எண்ணெயா?"

"ஆமா."

"பாக்கெட் எண்ணெயில என்னென்னமோ கலக்குதான். ரப்பரு வீங்கத்தான் செய்யும். நான் விட்டது செக்கெண்ணெ."

ஷில்பா தலையில் கையை வைத்துக்கொண்டாள். டாக்டர் சிரிப்பை அடக்கினார். "சரி வேலப்பன், நம்ப வேண்டாம். ஊத்தாம இருந்தாப் போதும். சரின்னு சொல்லுங்க."

"சரின்னு சொல்லுங்களேன்" என்றாள் நாச்சியாரும்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். எத்தனையோ பேரிடம் ஷட்டர் நாளைக்கே ரெடி என்று சொன்னவன்தான் நான். ஆனால் இது வேறு. ஒரு காலையில் கண்ணாடி முன்னால் நிற்பேன். பிரஷ் கரகரக்கும். குரல் அடைக்கும். உள்ளே இவள் கூப்பிடுவாள். எண்ணெய்தான் கெடுத்தது என்று நம்புகிறவன் அப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். நான் நம்பவில்லை. நம்பாதவன் கை சாமிபடத்துக்குப் பின்னால் போகும். இரண்டு சொட்டுதானே என்று போகும். டாக்டர் சொன்னது சரியாக இருந்துவிட்டால் அதோடு நான் போவேன். இவள் அந்த வீட்டில், அடுப்பும் பானையுமாக, தட்டவும் ஆள் இல்லாமல் இருப்பாள்.

"வேண்டாம்" என்றேன் மெஷினில். "இதுவே போதும்."

"அச்சா, ஒன்னு ஆலோசிச்சிட்டு..." என்றாள் ஷில்பா. நான் குப்பி இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தேன். உப்பின வால்வை இன்னொரு தடவை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். வைத்துவிட்டு நடந்தேன்.

வராந்தாவில் சுடலைக்கண்ணு உட்கார்ந்திருந்தான். என் கையில் மெஷினைப் பார்த்ததும் அவனுடையதைத் தூக்கினான். "வாரும் அண்ணாச்சி, இனி ரெண்டு பம்புசெட்டு."

"போலே" என்றேன். இரண்டு மெஷினும் ஒரே குரலில் பேசுவதைக் கேட்டு, சீட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாச்சியார் என் தோளைப் பிடித்தபடி சரிவில் இறங்கினாள். பஸ் நிற்கிற இடத்தில், "ஏன் வேண்டாம்னிய?" என்றாள்.

"என் கைய எனக்குத் தெரியும்."

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள். "அப்ப எண்ணெதான் காரணம்னு மனசுக்குள்ள தெரியும். அப்படித்தான?"

தோளில் இருந்த அவள் கைமேல் இரண்டு தட்டு தட்டினேன்.

"உப்பிக் கெடந்தத நானும் தொட்டுப் பாத்தேன்."

மறுபடி இரண்டு தட்டினேன். பஸ் வந்தது. மெஷினைத் தாடைக்குக் கொண்டுபோவதற்குள் கண்டக்டர் கிழக்கேகோட்டைக்கு இரண்டு சீட்டைக் கிழித்து நீட்டினான். அன்று அவன் கிழித்தது சரியாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டு, அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். பாக்கெட் எண்ணெயைப் பற்றி அவளுக்கும் இன்னும் விவரமாகச் சொல்ல வேண்டியிருந்தது. வண்டி இரைச்சல் அடங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.